காதை அடைத்துக்கொண்டு படித்தவள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இஸ்திரி அறையின் மின்விசிறிக்கு கிரீஸ் போட்டது.

மேசைமேல் ஸ்டூல் போட்டு நான் ஏறினேன். அம்மா கீழே ஒரு தட்டை ஏந்தி நின்றாள். கழற்றிய திருகுகளை அதில் போட்டேன். பேரிங்கில் இருந்த பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை அடைத்து, மூடி, சுவிட்சைப் போட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மா தலையைச் சாய்த்தாள்.

"இன்னும் இருக்குடி."

"என்ன இருக்கு?"

"டிக். ஒரு சுத்துக்கு ஒரு டிக்."

"அம்மா, நான் ஐஸ் ஆலையில கம்ப்ரெசர் பாக்கறவ. எனக்குக் கேக்காத டிக் உனக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"கம்ப்ரெசர் பாத்துப் பாத்துத்தான் உன் காது செத்துப்போச்சு. மறுபடி ஏறு."

ஏறினேன். எல்லாத் திருகையும் இன்னொரு முறுக்கு முறுக்கினேன். அம்மா கேட்டாள். "ம், இப்பப் பரவாயில்ல," என்றாள். எது பரவாயில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனோம்.

அந்த வாரக் கடைசியில் அம்மா இறந்துபோனாள். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், சரிந்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணம் சொன்னார்கள். "பாவம், இந்த வயசுல பரீட்சை பரீட்சைன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டா. அதான்." அதான் இல்லை. இரத்த அழுத்தம். பல வருட அழுத்தம். மாத்திரையைப் பாதி நாள் விழுங்க மாட்டாள். பரீட்சைமேல் பழி போடாதீர்கள். 'பாவம்' என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டு போங்கள். அது அம்மாவுக்குப் பொருந்தாது.

அம்மா பெயர் டோ சேன் ஓன். மோல்மேனில் மலையடிவாரத் தெருவில் இஸ்திரிக் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. ஏன் இந்தத் தொழில் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இஸ்திரிப் பெட்டி பேசாது" என்றாள்.

அவளுக்கு இருந்ததற்கு எங்கள் தெருவில் யாரும் பெயர் வைக்கவில்லை. திமிர் என்றார்கள். காது கேட்பதில் குறை ஒன்றுமில்லை. பெரிய சத்தமும் அவளுக்குப் பொருட்டில்லை. இடி விழுந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். தகரக் கூரையில் மோல்மேன் மழை கொட்டும்போது நிம்மதியாகத் தூங்குவாள். பல பேர் ஒரே நேரத்தில் பேசினால்தான் ஆகாது. கல்யாண வீட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து வந்துவிடுவாள். என்னதான் ஆகிறது என்று கேட்டதற்கு ஒருமுறை இப்படிச் சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் சத்தம் மூட்டையா வருது. தூக்கி ஓரமா வெச்சிடறீங்க. எனக்கு நெல்லு நெல்லா வருது. ஒவ்வொண்ணையும் பொறுக்கணும்."

என் தொழில் மொழியில் சொன்னால், மற்றவர்களுக்கு ஒரு வடிகட்டி வைத்திருக்கிறது, அவளுக்கு வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்படி ஒருத்தி எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் போனதுதான் சிக்கல். இங்கே படிப்பு என்றால் கத்துவது. ஒரே நீளக் கூடத்தில் மூன்று வகுப்பு இருக்கும். நடுவில் சுவர் இராது, கரும்பலகைதான் நிற்கும். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் அரசர்கள், ஒரு பக்கம் ஆங்கிலக் கட்டுரை. எல்லாரும் தொண்டை நரம்பு புடைக்க ஒரே நேரத்தில் ஒப்பிப்பார்கள். வாய் மூடியிருந்தால் படிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் எந்தச் சயாவை, அதாவது வாத்தியாரை, கேட்டாலும் இதைத்தான் சொல்வார். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் கத்தித்தான் தேறினேன்.

அம்மா பத்தாம் வகுப்பு வரை எப்படியோ வந்துவிட்டாள். இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துப் படிப்பாள். மழைக்காலத் தொடக்கத்தில் புதிதாக வந்த சயாவுக்கு அது பிடிக்கவில்லை. அவளை பெஞ்சுமேல் ஏற்றினார். விரலை எடுக்கச் சொன்னார். வகுப்பு முழுவதையும் அவளைச் சுற்றி நிற்கவைத்து, அவள் வாய் திறந்து ஒப்பிக்கும்வரை பாடத்தை அவள் காதுக்கு நேராகக் கத்தச் சொன்னார். பிள்ளைகளுக்குத் திருவிழா. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, மூன்று வகுப்பையும் கடந்து வெளியே நடந்துவிட்டாள்.

வீட்டில் அவள் அப்பா கேட்டாராம். "அடிச்சாரா?"

"இல்ல. கத்தினாங்க."

"அதுக்கா வந்துட்டே?"

அதற்குத்தான் வந்துவிட்டாள். திரும்பப் போகவில்லை. கல்யாணம், நான், கடை, அப்பாவின் சாவு என்று காலம் ஓடிப்போனது. டியூஷன் பிள்ளைகளின் பச்சைச் சீருடை லுங்கிகளுக்கு ஒவ்வொரு நாளும் இஸ்திரி போட்டாள். ஒருநாள் ஒரு லுங்கியை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"மோ மோ, நான் பத்து எழுதப்போறேன்."

"எதுக்கும்மா? வேலைக்கா போகப்போறே?"

"வேலைக்கு யாரு போறா? எழுந்து வந்தேன்ல? அந்த பெஞ்சு இன்னும் காலியா இருக்கு."

வெளியாளாக விண்ணப்பித்து எழுதலாம். மற்றப் பாடங்களை வீட்டிலேயே படித்துக்கொள்வேன் என்றாள். "கணக்கு மட்டும் புத்தகத்துல இல்லடி. அது ஆளு வாயிலதான் இருக்கு. ஒருத்தர் போர்டுல போட்டுக் காட்டணும்." நான் காட்டுகிறேன் என்றேன். இரண்டு நாள் காட்டினேன். "நீ வேகமாப் போறே, கோவமும் வருது உனக்கு," என்று மூடி வைத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் கணக்குக்கு சயா வின் போதான். என்னைவிடச் சில வயது மூத்தவர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அதை மறுக்க முடியாது. வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் பெஞ்சு. தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல்கள். அந்த ஜன்னல்களில்தான் அவர் பிழைப்பே இருந்தது. எங்கள் ஊரில் டியூஷன் வீட்டுக்கு விளம்பரப் பலகை வேண்டாம். எந்த வீட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறதோ அங்கே பிள்ளையைச் சேர்ப்பார்கள். எதிர்வரிசையில் ஒரு சயாமா டியூஷன் நடத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சாயங்காலம் நடந்து போனால் கோழிச் சண்டை மாதிரி இருக்கும். இங்கே ஒரு சூத்திரம், அங்கே ஒரு சூத்திரம்.

ஆலையில் கம்ப்ரெசர் அறைக்குள் போகும்போது காதில் வைக்க நுரைத் தக்கை கொடுப்பார்கள். ஆரஞ்சு நிறம். உருட்டித் திணித்தால் உள்ளே போய் விரியும். பக்கத்தில் தனியாகப் பேசுகிற குரல் மெலிதாக வரும், கூட்டத்தின் இரைச்சல் பெருமளவு நின்றுவிடும். அம்மாவுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். சயா போர்டில் விளக்கும்போது கழற்றுவாள். கூட்டம் ஒப்பிக்க ஆரம்பித்ததும் திணித்துக்கொண்டு, கணக்கை எழுதிப் பார்ப்பாள். இதுதான் அவள் திட்டம்.

முதல் நாளே மாட்டிக்கொண்டாள். நான் அவளை விடப்போய் வாசலில் நின்றிருந்தேன்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கூவினான். "சயா! பெரியம்மா காதுல பூசணிப்பூ!"

வகுப்பு சிரித்தது. வின் போ திரும்பினார். "அக்கா, அது என்ன? பாட்டுக் கேக்கறீங்களா?"

"பாட்டு இல்ல சயா. அடைப்பு."

"நான் பேசறது அவ்வளவு கசக்குதா?"

"நீங்க பேசும்போது கழட்டிட்டுத்தானே இருந்தேன்? இதுங்க கத்தும்போது வெச்சுக்கறேன்."

"கத்தறது இல்லக்கா அது. படிப்பு."

"அப்ப நான் படிக்காம கணக்கு மட்டும் போட்டுக்கறேன்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை சிரித்தது அவரைப் பார்த்து. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்களுக்கு சயா என்றால் சும்மா இல்லை. புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், அதே வரிசையில் ஆசிரியர். அவர் முன்னால் காதை அடைப்பது, அவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. வின் போ பொறுத்துத்தான் பார்த்தார். சில நாள் கழித்துப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாராம். "சரிக்கா, காதை வேணா மூடிக்கங்க. வாயையாவது அசைங்களேன். ஜன்னல்ல பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"வாய் அசையணும்னா ஒரு வெத்தலை குடுங்க சயா. நாள் முழுக்க அசைக்கறேன்."

சாயங்காலம் சாப்பிடும்போது இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "அவர் வெளிய போன்னு சொன்னா கணக்குக்கு எங்கேம்மா போவே?" என்றேன். மொஹிங்காக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு யோசித்தாள். "போகச் சொல்லட்டும். நானா எந்திரிச்சுப் போக மாட்டேன். ஒரு தடவை எந்திரிச்சதே போதும்."

தடின்ஜுட் விளக்குத் திருநாள் வந்தது. அன்று மாணவர்கள் எல்லாரும் சயாவின் காலில் விழுந்து வணங்க வேண்டும். பழமோ துணியோ கையில் கொண்டுபோவார்கள். உடலால், வாக்கால், மனதால் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று சேர்ந்து சொல்வார்கள். சயா பொறுத்தேன் என்று சொல்லி வாழ்த்துவார். எத்தனை மனக்கசப்பு இருந்தாலும் அன்றோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் அதைவிட அவமானம் இரண்டு பக்கமும் இல்லை.

அம்மா ஒரு நல்ல லுங்கி வாங்கி, தானே இஸ்திரி போட்டுக் கொண்டுபோனாள். பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது தக்கையோடு உட்கார்ந்திருந்தாள். அது முடிந்ததும் கழற்றினாள். பெற்றோர்களும் வந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் வைத்து இதை முடித்துவிடலாம் என்று வின் போ நினைத்தார் போல. நல்ல குரலில்தான் கேட்டார்.

"சேன் ஓன் அக்கா தனியாச் சொல்லணும்னா சொல்லலாம். காது விஷயமும் இன்னியோட போகட்டும். நான் பொறுத்துட்டேன்."

அம்மா மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கினாள். நிமிர்ந்து கை கூப்பியபடியே பேசினாள்.

"வாயால தப்புப் பண்ணியிருக்கேன் சயா. வெத்தலை கேட்டேன், மன்னிக்கணும். மனசால தினமும் பண்ணியிருக்கேன், அதையும் மன்னிக்கணும். காதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அது தப்பு இல்ல."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வின் போவின் காது சிவந்துவிட்டது.

"அப்ப நாளையிலேருந்து வர வேண்டாம்கா."

"சரி சயா," என்றாள். லுங்கியை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். வணங்கியது வணங்கியதுதான், திருப்பி எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. நான்தான் கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே! பொய்யாச் சொன்னா என்ன?"

"பொய்யா வணங்கறதுக்கு நான் எதுக்கு அங்க போகணும்? வீட்லயே இருக்கலாமே."

பரீட்சை மார்ச்சில். கணக்கில் பாதிகூட முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மா வழக்கம்போல் தனக்காப் பட்டைக் குழம்பை முகத்தில் பூசிக்கொண்டாள். நோட்டை எடுத்தாள். கடையிலிருந்த குட்டி ஸ்டூலையும் எடுத்தாள்.

"எங்கே?"

"தெருவுக்கு. தெரு அவருதா?"

வின் போவின் பெரிய ஜன்னலுக்கு எதிரே, சாக்கடை ஓரமாக, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கேயிருந்து போர்டு முழுவதும் தெரிந்தது. அவர் தனியாகப் பேசும் குரல் வந்தது. ஒப்பிக்க ஆரம்பித்ததும் காதில் ஆரஞ்சுத் தக்கை. மடியில் நோட்டு. மழை ஓய்ந்த காலம், அதனால் பிழைத்தாள். வின் போ ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். ஆனால் ஜன்னலைச் சாத்தினால் தெருவுக்குச் சத்தம் போகாது. சாத்தவில்லை.

அடுத்து நடந்ததை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள்.

சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு நின்றார்கள். நான் ஆலையிலிருந்து வரும்போது என் காதாலேயே கேட்டேன்.

"அந்தம்மா காதுல என்னடி அது?"

"சத்தம் தாங்கலையாம், அடைச்சிருக்காங்க."

"தெருவுலயே தாங்கலையா? அப்ப உள்ள எந்த அளவுக்குப் படிக்கிறாங்க பாத்தியா!"

"எதிர் வீட்டுச் சயாமாகிட்ட யாராவது காதை அடைச்சு நீ பாத்திருக்கியா?"

"என் பையனை இங்க மாத்திடறேன்பா."

மாற்றினார்கள். ஒருவர் பின் ஒருவராக மாற்றினார்கள். வின் போ வீட்டில் புதிதாக பெஞ்சு போட்டார்கள். ஒரு சாயங்காலம் அவரே ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் தின்ன ஒரு தட்டு ஊறல் தேயிலையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். நான் அம்மாவுக்குக் குடை கொடுக்க வந்திருந்தேன்.

"அக்கா, வெயில் பட்டுதோ?"

"இல்ல சயா."

"உள்ள வரணும்னா வாங்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல." ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். "ஆனா அவசரம் இல்ல. இங்கயே காத்து நல்லாத்தான் வருது, இல்ல?"

அம்மா தேநீரை வாங்கிக் குடித்தாள். அவரையே பார்த்தாள்.

"சயா, என்னை விளம்பர போர்டா மாட்டிட்டீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம்..."

"நாளைக்கு உள்ள வரேன். பின் மூலை பெஞ்சு எனக்கு. காது மூடியிருக்கும், வாயும் மூடியிருக்கும். யாரும் எதுவும் கேக்கக் கூடாது. இல்லேன்னா ஸ்டூலைத் தூக்கிட்டுப் போய் சயாமா வாசல்ல போடறேன். அங்கயும் காத்து நல்லாத்தான் வருது."

வின் போ அசந்துபோனார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை. "உங்க மக உங்கள மாதிரியா அக்கா?" என்றார்.

"இவளா? இவ காது கேக்காதவ. நல்லாப் பொழைச்சுக்குவா."

அப்படித்தான் பின் மூலை அம்மாவுக்குக் கிடைத்தது. டிசம்பருக்குள் யமின் என்ற பெண் அங்கே வந்து உட்கார்ந்தாள். தடின்ஜுட் அன்று சிரித்தவள். "பெரியம்மா, எனக்கும் ரெண்டு பூசணிப்பூ குடுங்க," என்றாள். அவளும் எத்தனை வருடமாக அந்தச் சத்தத்தில் தலை கனக்க உட்கார்ந்திருந்தாளோ. அம்மா கேட்கவில்லை, கொடுத்தாள். அந்த மூலையில் இரண்டு பேர் சத்தமில்லாமல் கணக்குப் போட்டார்கள். மற்றவர்கள் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினார்கள்.

பரீட்சை வந்தது. மற்றப் பாடங்கள் ஒழுங்காகப் போயின. பரீட்சைக் கூடம் அமைதியான இடம், தக்கையே தேவைப்படவில்லை என்றாள். எங்கள் நாட்டில் படிப்புக்கு உண்டான இடங்களில் வாயை மூடச் சொல்கிற ஒரே இடம் அது. அவளுக்கு அங்கே பிடித்துவிட்டது.

கணக்குப் பரீட்சை அன்று ஷின்பியூ ஊர்வலம். கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குத் துறவாடை கொடுக்கும் காலம்தானே. வெளியே குதிரையும் மேளமும் லாரியில் ஒலிபெருக்கியுமாக வந்து பள்ளி வாசலில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ வண்டி மாட்டிக்கொண்டதாம். ஒலிபெருக்கியில் ஒருவன் நன்கொடையாளர் பெயர்களைப் பாட்டாகப் பாடுகிறான், இன்னொருவன் வேடிக்கை பேசுகிறான், மேளம் தனியாக. அம்மா தக்கையை எடுத்துத் திணித்தாள். கண்காணிப்பாளர் பாய்ந்து வந்தார்.

"காதுல என்ன? கழட்டுங்க."

"அடைப்பு சார். நுரை. பாருங்க." கழற்றிக் கையில் கொடுத்தாள்.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிய்த்தும் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லதான். ஆனா விதி விதிதான். காதுல எதுவும் கூடாது. வெச்சா எந்திரிச்சு வெளிய போங்க."

பதினாறு வயதில் அவளிடம் இதைச் சொல்லியிருந்தால் போயிருப்பாள். இப்போது தாளின்மேல் இரண்டு கையையும் பரப்பி வைத்துக்கொண்டாளாம், பறந்துபோகாமல் பிடிக்கிற மாதிரி.

"எந்திரிக்க மாட்டேன் சார். அடைப்பை நீங்களே வெச்சுக்கங்க. மணி அடிக்கறவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

மணி அடிக்கிறவரை இருந்தாள். ஊர்வலம் போன பிறகு மிச்சமிருந்த நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதினாள். வாசலில் நான் காத்திருந்தேன். வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"எப்படிம்மா?"

"பாதி கணக்கு. பாதி ஊர்வலம். நன்கொடை குடுத்தவங்க பேரு வேணும்னா ஒண்ணு விடாம சொல்றேன்."

ஜூனில் முடிவைப் பள்ளிப் பலகையில் ஒட்டினார்கள். அவள் எண் இல்லை. கணக்கில் மட்டும் போயிருந்தது. ஒன்றில் போனால் எல்லாம் போனதாகத்தான் கணக்கு. யமின் தேறிவிட்டாள். பலகைக்கு முன்னாலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அவள் முதுகைத் தட்டி, "சரி விடு, காதுக்கிட்ட அழாதே," என்றாள்.

தெருவில் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த வயதில் இவ்வளவு எழுதியதே பெரிது என்றார்கள். அம்மா நிற்காமல் நடந்து, நேராக வின் போ வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சயா, இந்த வருஷமும் வரேன்."

"வாங்கக்கா. மூலை உங்களுதுதான்."

"மூலை பத்தாது. தடுப்பு வேணும். தனியா ஒரு அறை மாதிரி. சத்தம் வேண்டாங்கற பிள்ளைங்க உக்காரட்டும். புதுசா வர்ற பிள்ளைங்கள்ல நாலஞ்சு பேரு எங்கிட்ட இப்பவே கேட்டாச்சு."

வின் போ தலையைச் சொறிந்தார். "சுவர் கட்ட எனக்கு எங்கேக்கா வசதி? மூங்கில் பாய்த் தட்டின்னா நிறுத்திக்கலாம். நீங்க கொண்டுவந்தா நான் ஆளை வெச்சுக் கட்டறேன். ஆனா ஒண்ணு. தெருவுக்குக் கேக்கற சத்தம் குறையாதே?"

"குறையாது சயா. தெருப்பக்கம் நீங்க ஆசைதீரக் கத்துங்க."

அதன் பிறகு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். பரீட்சைக் கூடத்தில் தக்கைக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டாள். விண்ணப்பம் போடும்போது வந்து கேளுங்கள் என்றார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தட்டியைப் பற்றி என்னிடம்தான் கேட்டாள். பாய் மட்டும் போதாது, ஓட்டை வழியாக எல்லாம் வரும், சத்தத்தை நிறுத்த எடை வேண்டும் என்றேன். இரண்டு தட்டியை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி நடுவில் நெல் உமி அடைக்கலாம், கதவுக்குக் கீழே சாக்கு மடித்துப் போடலாம் என்று தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினேன்.

"நிக்குமா?"

"முழுசா நிக்காது. பாதிக்கு மேல குறையும்."

"பாதி போதும். மீதிக்குப் பூசணிப்பூ இருக்கு."

நீளம் அகலம் எடுத்துக்கொண்டு, தன்லுவின் ஆற்றங்கரையில் மூங்கில் பாய் விற்பவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நெருக்கமான பின்னல், இரட்டிப்பு எண்ணிக்கை. பள்ளி திறக்கிற நேரம், பச்சை லுங்கிகள் மலையாகக் குவிந்திருந்தன. அதை முடித்துவிட்டு சனிக்கிழமை வண்டி பிடித்துப் போய் எடுத்து வரலாம் என்றாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

ஏழாம் நாள் அன்னதானத்துக்கு ஒலிபெருக்கி வைக்க மாட்டேன் என்று சொன்னேன். தெருவே கூடி வந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் செய்கிற புண்ணியம் யாருக்குக் கேட்கும், செத்தவளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்றார்கள். அவளுக்குக் கேட்கும், உங்கள் எல்லாரையும்விட நன்றாகக் கேட்கும் என்றேன். திமிர் என்றார்கள். வின் போ தன் பிள்ளைகளோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். புத்த பிக்கு வெறும் குரலில் ஓதினார். சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் மட்டும் இருந்தது.

நேற்று ஆற்றங்கரையிலிருந்து ஓர் ஆள் வந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. மழையில் நனைந்துகொண்டே கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"டோ சேன் ஓன் இல்லையா? பாய் கட்டி வெச்சு ரொம்ப நாளாச்சு. தண்ணி ஏறுது, சீக்கிரம் வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."